நள்ளிரவுத் துண்டுக்கு யார் மார்க் போடுவது?

கேள்வி: மகள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறாள். அருகிலுள்ள கொரோனெட் பீட்சாக் கடையைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம், எந்த நேரத்தில் சாப்பிட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டு. பிராட்வே சாலையிலுள்ள அந்தக் கடையின் அடையாளமே தட்டுக்கு வெளியே தொங்கும் ராட்சதத் துண்டுதான். குறைந்த காசில், மற்ற கடைகள் அடைத்த பிறகு, வயிறு நிறைவதை மாணவர்கள் மெச்சுகிறார்கள். பகலில் ருசி தேடிப் போகிறவர்களோ மாவையும் சீஸையும் எடைபோடுகிறார்கள். இருவரும் மார்க் போடுவது வேறு வேறு பாடங்களுக்கு. 'அகாலப் பசியில் எதுவும் ருசிக்கும், அந்தப் பாராட்டு செல்லாது' என்பீர்கள். பாதி உண்மை. துண்டுகளாக விற்கும் கடையில் கூட்டம் இருந்தால் பீட்சா அடுப்பிலிருந்து நேராகக் கைக்கு வரும். ஈயாடும் வேளையில் ஆறிக்கிடந்ததைச் சூடுகாட்டித் தருவார்கள். எனவே கூட்ட நேரத்தில் போன இரவுக்காரர் நிஜமாகவே நல்ல துண்டைச் சாப்பிட்டிருக்கலாம்.

'பல வருஷம் தாக்குப்பிடித்த கடை மோசமாகவா இருக்கும்?' என்ற வாதத்தையும் அப்படியே ஏற்க முடியாது. பல்கலைக்கழக வாசலில் ஆண்டுதோறும் புது வாடிக்கையாளர்கள் வந்து இறங்குகிறார்கள். பழையவர்கள் கைவிட்டாலும் வியாபாரம் ஓடும். ருசியை மகளின் நாக்குக்கே விட்டுவிடுங்கள். சுத்தத்துக்கு மட்டும் யார் கருத்தும் வேண்டாம்: 2010 முதல் அந்நகர உணவகங்கள் சுகாதாரத் துறை தரும் ஏ, பி, சி தரத்தை வாசலில் ஒட்டியாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.