பாய்மரமும் கயிறும்: மாதிரிக் கப்பல் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

நாகூர்க் கந்தூரி விழாவின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவில் அமைந்த ஊர்திகளும் வருவதைக் கண்டோர் பலர். கடலோடு உறவாடிய மக்கள் தம் கலத்தைச் சிற்றுருவில் செய்து போற்றுதல் உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். அச்சிற்றுருவைச் செய்வோர் உடற்பகுதியைச் செம்மையாக இழைத்துவிடுகின்றனர். ஆனால் பாய்மரத்தை நாட்டிக் கயிறு பூட்டும் கட்டம் வந்ததும் பலர் தடுமாறுகின்றனர். மரவேலைக்குக் கைத்திறன் போதும். கயிறு பூட்டுவதற்கோ ஒவ்வொரு கயிறும் எதற்காக அங்கே நிற்கிறது என்னும் அறிவும் வேண்டும். அவ்வறிவை அரபுக் கடலில் ஓடிய பாய்க்கப்பல் ஒன்றைச் சான்றாகக் கொண்டு விளக்குவதும், அது தமிழ் கற்போர்க்கு எவ்வாறு பயன்படும் என்பதை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைக் கயிறுகள்

பாய்க்கப்பலின் கயிறுகளை இருவகையாகப் பகுத்துக் காணலாம். ஒன்று நிலைக்கயிறு; மற்றொன்று இயங்குகயிறு. பாய்மரம் சாயாமல் முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்துப் பிடித்து நிற்பது நிலைக்கயிறு. பாயை ஏற்றவும் இறக்கவும் காற்றுக்கேற்பத் திருப்பவும் உதவுவது இயங்குகயிறு. ஐரோப்பியப் போர்க்கப்பல்களில் இப்பாகுபாடு மிகத் தெளிவானது. 1765ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்டு இன்று போர்ட்ஸ்மவுத் நகரில் காக்கப்பட்டுவரும் 'விக்டரி' என்னும் ஆங்கிலேயக் கப்பலில், தார் பூசிக் கருநிறமான நிலைக்கயிறுகளையும் வெளிர்நிறமான இயங்குகயிறுகளையும் மாதிரி செய்வோர் நிறத்தாலேயே வேறுபடுத்திக் காட்டுவர்.

இவ்விதியை மனப்பாடம் செய்துகொண்டு அரபுக் கப்பலுக்கும் அப்படியே பொருத்தினால் பெரும்பிழை நேரும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பூம் என்னும் கப்பல்

குவைத்திலும் பாரசீக வளைகுடாப் பகுதியிலும் வழங்கிய பெருங்கலங்களுள் ஒன்று 'பூம்'. முன்னும் பின்னும் கூர்மையுற்ற உடலும், பெரும்பாலும் இரண்டு பாய்மரங்களும் உடையது. ஆஸ்திரேலியரான ஆலன் வில்லியர்ஸ் 1938-39ஆம் ஆண்டுகளில் இத்தகைய குவைத்துக் கப்பலில் பயணம் செய்து, 1940இல் 'சன்ஸ் ஆஃப் சின்பாத்' என்னும் நூலை வெளியிட்டார். இக்கப்பல்களின் வாழ்க்கையை அறிய அது சிறந்த ஆவணமாகும்.

பூமின் பாய்மரம் நேராக நிற்பதில்லை. முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். அதில் தொங்கும் நீண்ட குறுக்குமரமே பருமல். பருமலின் நீளம் கப்பலின் நீளத்தோடு ஒப்பிடத்தக்கது. ஒரே மரம் அத்துணை நீளத்திற்குக் கிடைப்பதரிது. ஆதலின் இரண்டு மூன்று மரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கயிற்றால் இறுகக் கட்டிப் பருமல் அமைப்பர். அதில் கட்டப்படும் பாய் முக்கோணம்போல் தோன்றினும், முன்மூலை வெட்டப்பட்டமையால் உண்மையில் நாற்கோணமே.

கயிறு பூட்டும் முறை

மாதிரியில் முதலில் பாய்மரத்தை உரிய சாய்வில் நாட்டுதல் வேண்டும். சாய்வைத் தவறவிட்டால் பருமல் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின் எதுவும் திருந்தாது.

அடுத்துப் பக்கத்தாங்கு கயிறுகள். இவற்றின் மேல்முனையை மரத்தின் உச்சியில் கட்டி, கீழ்முனையில் கப்பிகளைப் பூட்டி, கப்பலின் விளிம்பில் அவிழ்க்கத்தக்க முறையில் கட்டுதல் வேண்டும். இங்கே பசையைப் பயன்படுத்தலாகாது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என மாறி மாறி இறுக்கினால் மரம் ஒரு பக்கம் வளையாது நிற்கும்.

மூன்றாவதாகப் பருமல். இரு குச்சிகளை நடுவில் தடிப்பாகவும் முனைகளில் மெலிதாகவும் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துப் பல இடங்களில் நூலால் சுற்றுதல் வேண்டும். சுற்றுகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து அமைதல் அழகும் உறுதியும் தரும்.

நான்காவது ஆஞ்சான், அஃதாவது பருமலை ஏற்றும் கயிறு. பருமலின் நடுவிலிருந்து புறப்பட்டு, மரத்தின் உச்சியிலுள்ள உருளை வழியே சென்று, மரத்தின் பின்புறமாக இறங்கிப் பெரிய கப்பியில் முடியும். அக்கப்பியைத் தளத்தோடு மற்றொரு கப்பிக்கயிறு இணைக்கும். பாய் ஏறி நிற்கும்போது ஆஞ்சான் மரத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் பணியையும் செய்கிறது. இயங்குகயிறே நிலைக்கயிறாகவும் தொழிற்படும் நுட்பம் ஈண்டு நோக்கத்தக்கது. பருமல் மரத்தைவிட்டு விலகாதவாறு அணைத்துப் பிடிக்கும் வளையக்கயிற்றையும் அப்போதே கட்டிவிடுதல் வேண்டும்.

இறுதியில் பாய். பருமல் நெடுகிலும் சிறு கயிறுகளால் அதைப் பிணைத்து, முன்முனையை ஒரு கயிற்றாலும் பின்மூலையைத் தாமான் கயிற்றாலும் இழுத்துக் கட்டினால் வேலை நிறைவுறும்.

அளவுக் கணக்கு

பழைய கப்பற்கயிறுகளின் பருமனை விட்டத்தால் குறிப்பதில்லை, சுற்றளவால் குறிப்பர். இதனை அறியாதோர் மும்மடங்கு தடித்த நூலைக் கட்டிவிடுவர். சான்றாக, மூலக்கப்பலில் ஒரு கயிறு 6 அங்குலம் எனக் குறிக்கப்பட்டிருப்பின், அதன் விட்டம் ஏறத்தாழ 1.9 அங்குலம், அஃதாவது 48.5 மில்லிமீட்டர். 50இல் ஒரு பங்கு அளவுடைய மாதிரியில் அது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நூலாகும். 6 அங்குலத்தையே விட்டமெனக் கொண்டால் 3 மில்லிமீட்டர் நூலைக் கட்ட நேரும்; கப்பல் கயிற்றுச் சுமைபோல் தோன்றும். 3 அங்குலக் கயிற்றுக்கு அரை மில்லிமீட்டர் நூலே போதும்.

பருத்தி நூல் ஈரத்தைக் கவரும் இயல்பினது. காற்றின் ஈரப்பதம் மாறுந்தோறும் அது இறுகியும் தளர்ந்தும் போகும். நூலைத் தேன்மெழுகின்மேல் இழுத்துப் பூசிக்கொண்டால் இக்குறை பெரிதும் குறையும். நூலின் மேலெழும் பிசிறும் படியும்.

மாதிரியின் தேர்வு

பணி முடிந்ததும் மாதிரி மெய்யானதா என்பதை எவ்வாறு அறிவது? கப்பல் வேறுதிசை திரும்பும்போது பாயும் மறுபக்கம் மாறவேண்டும். பூம் காற்றைப் பின்புறம் வாங்கித் திரும்பும். அப்போது மாலுமிகள் பருமலைச் செங்குத்தாக நிமிர்த்தி, பாய்மரத்தின் முன்னே சுழற்றி மறுபக்கம் கொண்டுசெல்வர். தாமான் கயிற்றையும் முன்புறமாகச் சுற்றிக் கொணர்வர். காற்று செல்லும் பக்கத்துத் தாங்குகயிறுகளைத் தளர்த்தியும், புதிதாகக் காற்று வரும் பக்கத்தில் இறுக்கியும் கட்டுவர். எனவே இக்கப்பலின் பக்கத்தாங்கு கயிறுகள் ஐரோப்பியக் கப்பலிற்போல் என்றும் அசையாமல் நிற்பன அல்ல.

இருபுறமும் கயிற்றைப் பசையிட்டு ஒட்டிய மாதிரி கண்ணாடிப் பேழைக்குள் எழிலாகத்தான் தோன்றும். ஆயினும் அக்கப்பல் ஒருமுறைகூடத் திரும்ப இயலாதது. கடலில் விட்டால் மாலுமிகளைக் காவு கொள்ளும் கப்பல் அது. ஆதலின் மாதிரி செய்தவர் தாங்குகயிற்றைத் தளர்த்திப் பருமலை ஒருமுறை சுழற்றிப் பார்த்தல் வேண்டும். நூல் சிக்கினால் ஏதோ ஒரு கயிறு தவறான வழியில் செல்கிறது என்பது தெளிவு.

சொல்லும் கலமும்

இத்தேர்வு தமிழ் கற்போர்க்கும் உரியது. புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாயைக் களையாமலும் சுமையைக் குறைக்காமலும் புகார்த் துறைக்குள் புகும் பெருங்கலத்தைக் காட்டுகிறார். கூம்பு என்பது பாய்மரம், மீப்பாய் என்பது மேற்பாய் எனச் சொற்பொருள் எழுதி நாம் கடந்துவிடுகிறோம். பாயைக் களைதல் எத்துணைப் பெரிய வேலை, அதைச் செய்யாமல் ஆற்றுமுகத்தில் புகுவதற்கு எத்துணை ஆழமும் அகலமும் வேண்டும் என்பதைக் கயிறு பூட்டிப் பார்த்தவரே உணர்வர். அக்கலத்தின் பாய் எவ்வடிவினது என்பதைப் பாடல் கூறவில்லை. பூமின் பாயை அதில் ஏற்றிப் பொருள் கொள்வதும் முறையன்று. ஒரு கப்பலின் விதியை மற்றொன்றில் ஒட்டலாகாது என்னும் பாடம் ஈண்டும் பொருந்தும்.

சொற்பிறப்பு ஆய்விலும் இவ்வெச்சரிக்கை தேவை. சுக்கான் என்பது அரபுச் சொல். நங்கூரம் பாரசீக 'லங்கர்' என்பதன் தமிழ் வடிவம். மாலுமி என்பது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆசிரியர் என்பதே அதன் பொருள். கலத்திற்கு வழி காட்டுபவரையும் மாணவர்க்கு வழி காட்டுபவரையும் ஒரே சொல் குறித்தமை எண்ணி மகிழத்தக்கது. ஆனால் பருமல் என்பதும், வளைகுடா மாலுமிகள் அதே மரத்தைக் குறிக்க வழங்கிய 'ஃபர்மன்' என்பதும் ஒலியால் நெருங்கியிருப்பதைக் கொண்டு மட்டும் எது எதிலிருந்து வந்தது எனத் தீர்ப்பளித்தல் ஆகாது. ஒலியொப்புமை ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று.

முடிவுரை

கப்பல்கள் காற்றால் ஓடுவதையும், காற்று அடங்கினால் அவை கடலின் முதுகில் அசைவற்று நிற்பதையும் இறைவனின் சான்றுகளாகத் திருக்குர்ஆனின் அஷ்ஷூரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அக்காற்றைக் கயிற்றால் வயப்படுத்திய மனித அறிவு இன்று இயந்திரங்களின் வரவால் மறைந்து வருகிறது. பருமல், ஆஞ்சான், தாமான் ஆகிய சொற்களை 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் காத்துத் தந்துள்ளது. எனினும் அகராதி சொல்லைக் காக்குமேயன்றிக் கயிறு செல்லும் வழியைக் காட்டாது. அவ்வழியை அறிந்த முதியோர் கடற்கரை ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். மாணவர்கள் அவர்களிடம் ஒரு சிறு மாதிரிக் கப்பலையும் ஒரு நூற்கண்டையும் கொண்டுசென்று, "இக்கயிற்றை எங்கே கட்டுவது? இதன் பெயர் என்ன?" என வினவி எழுதிக்கொள்ளுதல் வேண்டும். விடை தருவோர் உள்ளபோதே வினவுதல் நம் கடமையாகும்.