தந்தையர் தொழிலும் மைந்தர் தொழிலும்

ஒரு நாட்டினின்று புறப்பட்டோர் அனைவரும் புகுந்த நாடுதோறும் ஒரே வகை வாழ்வு பெறுவதில்லை. போலந்து மக்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1795-ஆம் ஆண்டில் போலந்து முற்றும் துண்டாடப்பட்டு, உருசியா, பிரசியா, ஆசுத்திரியா ஆகிய பேரரசுகளின் கைப்பட்டது. 1918-ஆம் ஆண்டிலேயே அது மீண்டும் விடுதலை பெற்றது. இடைக்காலத்தில், உழுநிலம் போதாத குடியானவர் பலர் பிழைப்பு நாடி வெளியேறினர். செருமனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களும், அமெரிக்கச் சிக்காகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளும் அவர்களை ஏற்றுக்கொண்டன. உடல் வலிமையே அவர்தம் முதற்பொருள். ரூருக்குச் சென்றோருள் பெரும்பாலோர் பிரசிய அரசின் குடிகளே. ஆயினும் 1899-இல் பிறந்த ஆணையொன்று, செருமன் மொழி விளங்காதாரைச் சுரங்கத்தில் அமர்த்தலாகாது என்றது. மேற்பார்வைப் பணிக்கோ அம்மொழியை எழுதவும் படிக்கவும் அறிந்திருத்தல் வேண்டும். நிலத்தடியில் இடர் நேருங்கால் எச்சரிக்கை விளங்கவேண்டுமன்றோ? காரணம் தக்கதே. எனினும், ஏணியின் மேற்படிகள் அதனால் பலர்க்கு எட்டாவாயின.

போரிற் பாழ்பட்ட தன் சுரங்கங்களைச் சீர்செய்யப் பிரான்சு 1919-இல் உடன்படிக்கை செய்து போலந்துத் தொழிலாளரை அழைத்தது. தொழில் நலிந்த 1934, 1935-ஆம் ஆண்டுகளில் அவருள் பலரைக் குடும்பத்தோடு புகைவண்டியேற்றித் திருப்பி அனுப்பியது!

பிரான்சிலேயே தங்கிய குடும்பமொன்றில் 1931-இல் பிறந்தவர் இரேமோன் கொப்பா. சுரங்கத் தொழிலாளியின் மகனாகிய அவரும் இளமையிலேயே சுரங்கத்தில் இறங்கி, விரலொன்றின் பகுதியை இழந்தார். கால்பந்தாட்டமே அவரை வெளிக்கொணர்ந்தது; 1958-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்க்குரிய பொற்பந்து விருதினைப் பெற்றார். அமெரிக்காவில் மெயின் மாநிலத்துத் தையற்காரர் ஒருவரின் மகன் எட்மண்டு மசுகி. அவர் சட்டம் பயின்று, 1955-இல் அம்மாநில ஆளுநராகி, 1980-இல் நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். கொப்பாசெவ்சுகி கொப்பா ஆனதும், மார்சிசெவ்சுகி மசுகி ஆனதும் அயலார் நாவிற்கு எளிதாதற்பொருட்டுப் போலும்! மாணவர்காள், இவ்விருவரைக் கொண்டு எல்லோரும் உயர்ந்தனர் என எண்ணற்க. ஆட்டத்திறன் ஆயிரவருள் ஒருவர்க்கே வாய்க்கும். பள்ளியோ பலர்க்கு வழிவிட்டது.

2004-ஆம் ஆண்டு மேத் திங்களில் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகியவை உடனே வேலைவாயிலைத் திறந்தன. செருமனி 2011 வரை தாழ்த்தது. பிரிட்டனை அடைந்தோருள் பட்டம் பெற்றவர் சிலரும் பண்டகசாலைகளிற் பொதி கட்டினர். விடுதிகளிற் பாத்திரம் துலக்கினர். ஆங்கிலம் அவர்க்குத் திருந்தவில்லை. அவர் பெற்ற பட்டத்தையும் அங்குள்ளோர் நன்கு மதித்திலர். அவர்தம் பிள்ளைகளோ முதல் வகுப்பு முதலே அந்நாட்டு மொழியிற் பயின்றனர். அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களைப் பெற்றோர்க்குப் படித்துப் பொருள் கூறுவோர் பல இல்லங்களில் அப்பிள்ளைகளே.