சொட்டுநீர் போட்டால் போதுமா?

மாடித்தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். கொஞ்ச நாளில் பார்த்தால் ஒரு பையில் தக்காளி வாடியிருக்கும், பக்கத்துப் பையில் கத்தரி அழுகியிருக்கும்.

நம்பிக்கை: டிரிப்பரில் 4 லிட்டர் என்று போட்டிருந்தால் மணிக்கு 4 லிட்டர் வரும்.

உண்மை: அந்தக் கணக்கு பெரும்பாலும் 1 பார் அழுத்தத்துக்கு உரியது. அது கிடைக்கத் தொட்டி சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் மாடித் தொட்டியோ பைகளைவிட 2 மீட்டர் உயரம் இருந்தாலே அதிகம். அதற்குச் சாதாரண டிரிப்பரில் பாதிகூட வராது. அழுத்தத்தை ஈடுகட்டும் விலை கூடிய ரகமோ இந்த உயரத்தில் ஒழுங்காக வேலை செய்யாது, வாங்காதீர்கள். 200 மில்லி டம்ளரை டிரிப்பருக்கு அடியில் வைத்துப் பாருங்கள். நிரம்ப 6 நிமிடம் ஆனால் மணிக்கு 2 லிட்டர். இதைத் தொட்டிப் பக்கம் ஒருமுறை, குழாயின் கடைசியில் ஒருமுறை செய்யுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குழாயின் நடுவில் இணைப்புக் கொடுத்து இரு பக்கமும் பிரித்துவிடுங்கள்.

நம்பிக்கை: மேல்மண் காய்ந்தால் தண்ணீர் விட வேண்டும்.

உண்மை: தென்னைநார்க் கழிவு மேலே வெளிறிக் கிடக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் மதியம் துவளும் பூசணி இலை சாயங்காலம் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே செடி வாடி நின்றால் வேரழுகல்தான் முதல் சந்தேகம்.

நம்பிக்கை: வெயிலில் இலைமேல் நிற்கும் நீர்த்துளி இலையைக் கருக்கிவிடும்.

உண்மை: வழவழப்பான இலையில் அப்படி நடப்பதில்லை என்று 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்தே காட்டினார்கள். ஆனாலும் மதியம் விட வேண்டாம். கறுப்புக் குழாயில் தேங்கிய தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வேரில் விழும். விடியற்காலையே நல்லது.

நம்பிக்கை: வடிகட்டியெல்லாம் வயலுக்குத்தான்.

உண்மை: தொட்டித் தூசியும் போர் தண்ணீரின் உப்பும் உங்கள் டிரிப்பரையும் அடைக்கும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, குழாயின் கடைசி மூடியைத் திறந்து கசடை வெளியேற்றுங்கள். பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அடியில் வழியும்வரை வாளியால் ஊற்றுங்கள். டைமர் வைத்திருப்பவர்கள் மழைநாளில் அதை அணைக்க மறக்காதீர்கள்.