காகிதத்தில் இருந்த சட்டம் – தென்கொரியா தரும் பாடம்



தென்கொரியா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கார், டி.வி., செல்போன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, டிப்ளமோ முடித்தவர்கள் வேலைக்குப் போகும் இடங்களில் கொரியக் கம்பெனியும் ஒன்றாகிவிட்டது. "கொரியாக்காரன் ராத்திரி பகலா உழைச்சான், முன்னேறிட்டான்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான். மீதிப் பாதி என்ன? அந்த நாட்டில் நல்ல சட்டங்கள் காகிதத்தில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டன. நெருக்கடி வந்தபோதெல்லாம் சாதாரண மக்கள் எழுந்து நின்றதால்தான் அவற்றுக்கு உயிர் வந்தது.

மாணவர்கள் கவிழ்த்த ஆட்சி

1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. 1950 முதல் 1953 வரை வடக்குக்கும் தெற்குக்கும் போர். சியோல் நகரமே இடிபாடாகிவிட்டது. தெற்கே அரசியல் சாசனம் இருந்தது, தேர்தலும் நடந்தது. ஆனால் 1960 மார்ச் தேர்தலில் ஜனாதிபதி சிங்மான் ரீ-யின் கட்சி பகிரங்கமாக மோசடி செய்தது. மாசான் நகரில் கிளர்ச்சி வெடித்தது. அங்கே காணாமல் போன ஒரு பள்ளி மாணவனின் உடல் கடலில் மிதந்தது. நாடே கொதித்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரே வாரத்தில் சிங்மான் ரீ பதவி விலகினார்.

இந்த வெற்றி நிலைத்ததா? இல்லை. 1961 மே மாதத்திலேயே ராணுவ அதிகாரி பார்க் சுங்-ஹீ ஆட்சியைப் பிடித்தார். 1979 வரை அவர் ஆட்சிதான். தொழிற்சாலைகள் பெருகின, ஏற்றுமதி ஏறியது. அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தது யார்?

ஒரு தையல் தொழிலாளியின் ஆசை

சியோலில் 'அமைதிச் சந்தை' என்று ஒரு கட்டடம். பெயர்தான் அமைதி. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த அறைகளில், பஞ்சுத் தூசிக்கு நடுவே, பதினைந்து வயதுப் பெண்கள் தினம் பதினான்கு மணி நேரம் துணி தைத்தார்கள். அங்கே துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தவர் ஜோன் டே-இல். எட்டு மணி நேர வேலை என்று 1953-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்வது அவருக்குத் தெரிய வந்தது. சட்டப் புத்தகத்தை வாங்கினார். ஆனால் அதில் சீன எழுத்துகள் நிறைய. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவருக்குப் புரியவில்லை. "காலேஜ்ல படிக்கிற ஒரு ஃப்ரெண்டு எனக்கு இருந்தா நல்லா இருக்குமே" என்று ஏங்கினாராம்.

ஆனாலும் விடவில்லை. தொழிலாளர்களிடம் படிவம் கொடுத்துக் கணக்கெடுத்தார். அதிகாரிகளிடம் மனு கொடுத்தார். பயனில்லை. 1970 நவம்பர் 13 அன்று, "நாங்கள் இயந்திரம் அல்ல, தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள்" என்று முழங்கியபடி தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். வயது 22. அந்த முடிவு யாருக்கும் வழியாகக் கூடாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியை நாம் எல்லோரும் கேட்கலாம்.

அவருடைய ஏக்கம் மாணவர்களை உலுக்கியது. பின்னாளில் எத்தனையோ பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பை மறைத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, தொழிலாளர்களோடு உட்கார்ந்து சட்டம் படித்தார்கள்.

1980-உம் 1987-உம்

1980 மே மாதம் ராணுவச் சட்டம் நாடு முழுக்க விரிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் வாசலை ராணுவம் அடைத்தது. குவாங்ஜு நகர மக்கள் எதிர்த்து நின்றார்கள். ரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டார்கள்.

அந்த ரத்தம் வீண் போகவில்லை. 1987 ஜனவரியில் ஒரு மாணவர் போலீஸ் சித்திரவதையில் இறந்தார். ஜூனில் மாணவர்களோடு ஆபீஸ் ஊழியர்களும் தெருவில் இறங்கினார்கள். அரசு பணிந்தது. ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை திரும்பி வந்தது. புதிய சாசனத்தின்படி 1988-இல் அரசியல் சாசன நீதிமன்றமும் பிறந்தது.

தங்கம் கொடுத்தவர்கள்

1997-இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், நாடு சர்வதேச நிதியத்திடம் கையேந்தியது. மறு ஆண்டு மக்கள் வரிசையில் நின்று மோதிரமும் சங்கிலியுமாகக் கொடுத்தார்கள். சேர்ந்தது சுமார் 227 டன் தங்கம்! 2001-இல் நிதியத்தின் கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் அதே 1998-இல் ஆட்குறைப்பை எளிதாக்கும் சட்டமும் வந்தது. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நெருக்கடி தானாக நியாயம் கொண்டுவராது, தோழர்களே! கவனிக்காவிட்டால் இருப்பதையும் பறித்துக்கொண்டு போகும்.

ஒரே இரவுப் பரீட்சை

2024 டிசம்பர் 3 இரவு. ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு கேட்டால் அதை நீக்கியே ஆக வேண்டும் என்கிறது சாசனம். 1980-இல் உறுப்பினர்கள் உள்ளேயே போக முடியவில்லை. இந்த முறை பொதுமக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடி வந்து சிப்பாய்களை மறித்தார்கள். உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். 190 பேர் கூடினார்கள். 190 பேரும் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். விடிவதற்குள் ராணுவச் சட்டம் போனது. 2025 ஏப்ரல் 4 அன்று யூனைப் பதவியிலிருந்து நீக்கியது எது தெரியுமா? 1987 போராட்டத்தால் பிறந்த அதே நீதிமன்றம்.

நாம் என்ன செய்யலாம்?

லேத் மெஷினை ஓட்டும் முன் அதன் மேனுவலைப் படிக்கிறோம். நாளை அப்ரண்டிஸாகப் போகும்போது, அப்ரண்டிஸ் சட்டம் எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு உதவித்தொகை என்று சொல்வதையும் படித்துவிட்டுப் போவோம். நம் பக்கத்து மெஷினில் நிற்பவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவராக இருக்கலாம். "தம்பி, இந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்று அவர் கேட்டால், ஷிப்ட் முடிந்த களைப்பிலும் உட்கார்ந்து படித்துச் சொல்வோம். ஜோன் டே-இல்லுக்குக் கிடைக்காத காலேஜ் நண்பன் அவருக்காவது கிடைக்கட்டும்.