திறந்த மூலமும் சித்தூர் ஏணியும்

'திறந்த மூலம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஆய்வுக்கூடத்தில் லினக்ஸைப் பயன்படுத்துகிறோம். அதற்கு விலை கொடுப்பதில்லை. ஆகவே, திறந்த மூலம் என்றால் இலவசம் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிட்டோம். அம்முடிவு தவறு என்று எனக்குக் காட்டியது கணிப்பொறி அன்று. ஒன்றாம் வகுப்பு அட்டை.

மென்பொருளுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று, மனிதர் எழுதிய நிரல். மற்றொன்று, பொறிக்கு மட்டும் விளங்கும்படி மாற்றியது. முன்னது சமையற் பக்குவம். பின்னது சமைத்த குழம்பு. குழம்பை உண்ணலாம், ஆனால் புளி மிகுந்துவிட்டால், பக்குவம் அறிந்தவர்தாமே அடுத்த முறை குறைக்க முடியும்? பயன்படுத்தவும், படித்து மாற்றவும், பிறர்க்கு வழங்கவும், மாற்றியதையும் வழங்கவும் உரிமை வேண்டும் என்பதே 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய நிரலை உலகின் முன் வைத்தார். அப்போது அவருக்கு வயது 21. முகமறியாதவர்கள் திருத்தி அனுப்பினார்கள். சிலவற்றை ஏற்றார், சிலவற்றை மறுத்தார். அந்தப் போக்குவரத்தில் வளர்ந்ததுதான் லினக்ஸ்.

இனி அட்டைக்கு வருவோம். 2007இல் ஆம்பூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பள்ளியில் சேர்ந்தேன். சுவரில் ஓர் ஏணிப்படம், தட்டுகளில் அட்டைகள். ஏணியில் என் படிக்கு எந்தச் சின்னமோ, அந்தச் சின்னமுள்ள அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் அமர்வேன். காய்ச்சலால் பத்து நாள் போகாவிட்டாலும், விட்ட படியிலேயே தொடர்வேன். எல்லாப் பள்ளியும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

திருப்பதிக்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்த முதல் ஆண்டு, மொழி தெரியாத ஊரில் அயலானாய் ஏங்கினேன். ஒருநாள் விடுதியில் இந்த ஏணிக் கதையைச் சொன்னபோது, மதனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குத் தோழர் ஒருவர் சிரித்தார். "அது எங்கள் ஊர் ஏணி அல்லவா!" என்றார்.

உண்மைதான். மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி இருக்கிறது. 2022இல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை அது சித்தூர் மாவட்டம். அங்கே 1980களின் இறுதியில் பத்மநாப ராவ், ராமா என்னும் தம்பதியர் சுற்றுக் கிராமங்களில் சிறு பள்ளிகள் தொடங்கினர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு: இதுதான் அவர்கள் முன் இருந்த சிக்கல். பாடநூலைச் சிறு படிகளாக உடைத்து அட்டைகளாக்கினர். கிராமத்துக் கதையும் பாட்டும் விடுகதையும் அட்டையில் ஏறின. ஆசிரியர்கள் கூடிப் பேசித் திருத்தினர். செய்த பண்டத்தோடு செய்யும் வகையையும் வந்தவர்க்கெல்லாம் கற்பித்தனர்.

1995இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டை ஆசிரியர்கள் அதைக் கற்றுப் போய்க் கன்னடத்தில் 'நலி கலி' ஆக்கினர். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தமிழ் அட்டைகள் நுழைந்தன, ஆணையர் எம். பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். 2007–08இல் தமிழ்நாடு முழுவதும், 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் பரவியது. நான் அயல் என்று எண்ணிய மண்ணிலிருந்தல்லவா என் 'அ'கரம் வந்திருக்கிறது!

ஆனால் ஒரு குறை. சென்ற கோடையில் என் பழைய ஆசிரியையைக் கண்டேன். 'ஓ'வுக்கு அட்டையில் ஓடம் இருந்ததாம். பாலாற்றில் மணலைத் தவிர வேறு காணாத எங்களுக்கு ஓடம் ஏது? அவர் அதன்மேல் ஓணானை வரைந்து ஒட்டினார். பார்வையிட வந்த ஒருவர், "அச்சிட்டபடியே இருக்கட்டும்" என்று கிழித்துவிட்டார். இத்தனை ஆயிரம் பள்ளிக்கு ஒரே சீர் வேண்டும் என்ற அவர் கவலையும் புரிகிறது; மனம்போனபடி மாற்றினால் பிழையும் புகும். ஆனால் ஓணானை அவர் மேலே அனுப்பி, நல்லதா என்று ஆராயச் செய்திருக்கலாமே? ரிஷி வேலியில் பக்குவமாக இருந்தது, எங்கள் ஊருக்கு வரும்போது குழம்பாகிவிட்டது. அட்டை இலவசம்தான், திறந்ததாக இல்லை.

நம் நிலையும் இதற்கு மேலன்று. முதலாண்டில் நிறமாலைச் சோதனை ஒன்றில் இரண்டு வாரம் தடுமாறினேன். அதே பிழையில் முன்னரே விழுந்து எழுந்த மூத்த மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். மதிப்பெண் பெற்ற பிரதியை மட்டும் காட்டினார். அதில் பிழையின் சுவடே இல்லை!

ஆகவே நானும் அத்தெலுங்குத் தோழரும் ஆறு சோதனைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, மன்ற அறை அலமாரியில் வைத்திருக்கிறோம். தவறான அளவுகளும், அவை ஏன் தவறின என்பதும் அதில் உண்டு. எடுத்துப் போங்கள்; படி எடுங்கள்; மாற்றுங்கள். மாற்றியதை மட்டும் பெயரும் நாளும் இட்டு, ஓரத்தில் எழுதித் திரும்ப வையுங்கள். நான்காம் சோதனையில் என் கணக்கு ஒன்று தவறு என்று யாரோ முந்தாநாள் பென்சிலால் குறித்திருக்கிறார்கள். சரிபார்த்தேன், தவறுதான். பெயர் எழுத மறந்துவிட்டார். அவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.