அடைமழைக்கு முன் மாட்டுக் கொட்டகையில் முடிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். டெல்டாவில் மாடு வைத்திருப்பவர்கள் அதற்குள் முடிக்க வேண்டிய முதல் வேலை தடுப்பூசி. போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். பக்கத்துத் தெரு மாட்டுக்கு வாய் ஒழுகுவதைப் பார்த்த பிறகு ஓடிப் பயனில்லை. 2013-இல் கோமாரி பரவியபோது கறவைகளைப் பறிகொடுத்த வீடுகளில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோமாரி ஊசி அரசு முகாம்களில் இலவசம். நான்கு மாதம் நிறைந்த கன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஏற்கெனவே வந்த ஊர் என்றால் அவற்றுக்கும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சினை மாடு என்றால் எத்தனை மாதம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் பால் குறையலாம். அதற்குப் பயந்து முகாம் நாளில் மாட்டைக் கொல்லையில் மறைத்துக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு நாள் பாலுக்காக மாட்டையே பணயம் வைக்காதீர்கள்.

அடுத்தது தீவனம். மழைக்காலத்தில் மாடு படுப்பதற்குப் பாதிக் காரணம் அது தின்பதில்தான் இருக்கிறது. குறுவை அறுவடை மழையில் சிக்கினால் வைக்கோல் ஈரத்தோடு வீடு வரும். அதை அப்படியே கட்டி அடுக்கினால் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். கட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் உடனே பிரித்து உலர்த்துங்கள். கறுத்து, முக்கல் வாடை வந்துவிட்டால் அதற்கு இடம் எருக்குழிதான். காயவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. பூஞ்சணத்தின் நஞ்சு வெயிலில் போகாது. போரை மேட்டில், அடியில் கழிகள் பரப்பி வையுங்கள். தார்ப்பாயை மேலே மட்டும் இழுத்துக் கட்டிப் பக்கவாட்டில் காற்றோட விடுங்கள்.

கடலைப் பிண்ணாக்கில் இன்னும் கவனம் வேண்டும். அதில் பிடிக்கும் பூஞ்சணத்தின் அஃப்லடாக்சின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். அந்தப் பாலை நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் பத்துப் பதினைந்து நாளைக்கு மட்டும் வாங்கி, சுவரை ஒட்டாமல் பலகை மேல் வையுங்கள்.

மழை பட்டதும் தலைகாட்டும் இளம்புல்லில் வெறும் வயிற்றோடு மேயவிட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும், ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டு, பனி விலகியபின் ஓட்டிச் செல்லுங்கள். நத்தை கிடக்கும் வாய்க்கால் ஓரம் வேண்டாம்; ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு அங்கிருந்துதான் ஏறுகிறது. குடற்புழு நீக்க மருந்தை மழைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

சேறான தரையில் மடிநோய் எளிதில் வரும். பால் கறந்ததும் காம்பின் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த அரைமணி நேரம் மாடு படுக்காதபடி தீவனம் போட்டு நிற்க வையுங்கள். மடி சூடேறி வீங்கினால், மருத்துவர் வரும்வரை சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முழுதும் கறந்துவிட்டு மடி முழுக்கத் தடவுங்கள். நாளுக்குப் பத்து முறையாவது தடவ வேண்டும். ஒருமுறை தடவிவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வதில் பயனில்லை.

தோல் கழலை நோயைக் கொசுவும் ஈயும் பரப்புகின்றன. மாலையில் வேப்பிலை, நொச்சி மூட்டம் போடுங்கள். கோமாரி கண்ட மாட்டைத் தனியே கட்டி, கடைசியாகக் கறங்கள். கன்றை அதனிடம் ஊட்டவிடாதீர்கள்; இளங்கன்றின் இதயத்தை அந்தக் கிருமி தாக்கும், வாயில் புண் தெரியும் முன்பே கன்று விழுந்துவிடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டுத்தறியில் விடாதீர்கள். மேட்டுக்கு ஓட்ட முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். இறந்துபோனால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள்; அவர்கள் பார்க்காமல் நிவாரணம் கிடைப்பது கடினம். மாடு தீவனத்தை ஒதுக்கிய முதல் நாளே 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.