வலிப்புக்கு எந்த வழி?

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்றும் பெற்றோர் வற்புறுத்தினார்கள் என்றும் சிகிச்சையை அடிக்கடி மாற்றி, வலிப்பையும் கடனையும் ஒருசேர வளர்த்துக்கொள்ளும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் மனம் பதைக்கிறது; அதனாலேயே இதை எழுத முற்பட்டேன்.

அரசு மருத்துவமனை, ஆலைச் சம்பளத்தில் பிடித்தம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ., கையில் பணமுள்ளவர்களுக்கு மதுரையில் தனியார் நரம்பு மருத்துவர் என்னும் மூன்று வழிகளும் எல்லோரும் அறிந்தவை. எங்கே போனாலும், 1912 முதல் வழக்கிலிருக்கும் பினோபார்பிட்டோன், 1938-இல் வந்த பினிடாயின், பின்னாளைய வால்புரோயேட் போன்ற மாத்திரைகளில் ஒன்றையே பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். ஆகவே என் அபிப்பிராயத்தில், 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியே மேல். வரிசையில் நிற்கும் சிரமம் உண்டென்றாலும், ஆண்டுக்கணக்கில் நீடித்தாலும் குடும்பத்தைக் கடனாளியாக்காத வழி அது. என் தமையனுக்குக் கைகொடுத்ததும் அரசு மருத்துவமனை மாத்திரைதான்.

நான் அஞ்சுவது நான்காவது வழியை. ஆறே மாதத்தில் வலிப்பை வேரோடு அறுப்பதாகச் சொல்லித் தபாலில் வரும் பொடிப் பொட்டலத்துக்காகத் தீபாவளி போனஸைக் கொடுத்தவர்களையும், தாலிக்கொடியை அடகு வைத்தவர்களையும் நான் அறிவேன். பொடி தின்ற சில நாளில் வலிப்பு குறைவதும் மெய்யே. ஏனெனில் இத்தகைய பொடிகள் சிலவற்றைப் பரிசோதித்தபோது, அதே பினோபார்பிட்டோன் பெயர் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தது. அளவு தெரியாத அந்த மருந்தைத் தின்ற பிள்ளை வகுப்பில் தூங்கி வழிகிறது. பணம் தீர்ந்து பொட்டலம் திடீரென நின்ற வாரத்திலோ, நினைவு திரும்புமுன்னே அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே அபாயம் நேரக்கூடும். வேலை செய்கிற மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு அதையே பன்மடங்கு விலைக்கு வாங்குவதைக் காட்டிலும் கொடிய நஷ்டம் உண்டோ!

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் பிரயோஜனம் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வந்த தேதியை மாதக் காலண்டரில் குறித்துவைத்தால், மருத்துவர் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அது உதவும். இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் அடங்காதவர்கள், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் அறுவைச் சிகிச்சைக்கு யோசனை கேட்கலாம்.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூலி அதிகம் என்பதற்காக பட்டாசு மருந்துக் கலவை அறைக்கோ, அச்சகத்தின் கட்டிங் மெஷினுக்கோ வலிப்புள்ளவர்களை அனுப்புவது தகாது. கணினியில் பக்கம் அமைப்பதும் அச்சுப்பிழை திருத்துவதும் நம் ஊர் அச்சகங்களிலேயே உள்ள வேலைகள்தாமே. மருந்தை விடாது உண்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகையில், பிள்ளையின் சுபாவம் எதில் செல்கிறதோ அதிலே நிதானமாகப் பழக்குங்கள். பெற்றோருக்கு வேண்டியது பணத்தைவிடப் பொறுமையே.

கல்யாணத்தில் வலிப்பை மறைக்காதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாக வைத்திருந்த வாசகம் 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மறைத்து அனுப்பப்பட்ட பெண், புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துத் தின்ன முடியாமல் நிறுத்திவிடுகிறாள். சொல்லி அனுப்பப்பட்டவளோ, கருவிலுள்ள சிசுவுக்கு வால்புரோயேட் தீங்கு செய்யக்கூடுமாதலால், கருத்தரிக்குமுன்னே கணவனோடு மருத்துவரிடம் சென்று மருந்தை மாற்றிக்கொள்கிறாள்.